கழுத்துக்குப் பின்னால் என் பெயர்

நான் பெங்களூருக்கு வந்ததே ஒரு பொறாமையில்தான். கல்லூரியில் என்னோடு சிற்பம் படித்த ஒருத்தன், காது செய்யச் சொன்னால் அப்பளம் செய்து வைப்பவன், ஹெப்பகோடியில் ஒரு சிலைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். தன்னைவிட இரண்டு மடங்கு உயரமான ஒரு சிலையின் காலடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். நான் அப்போது செய்யாற்றில் அப்பாவின் பஞ்சர் கடையில் உட்கார்ந்து ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தேன். இவனுக்கா, இவனுக்கெல்லாமா என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் பஸ் ஏறிவிட்டேன். நான் வந்து சேர்ந்தபோது அவன் அந்த வேலையை விட்டுவிட்டுத் துபாய்க்குப் போயிருந்தான். அவன் இடத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். துபாய்க்குப் போனதற்காகவும் கொஞ்ச நாள் அவன்மேல் எரிந்துகொண்டிருந்தேன்.

இதை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்குப் பிரஷர், எனக்கு இது. கூடவே பிறந்தது. சாகும்வரை இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பட்டறை என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீள ஷெட். ஒரு பக்கம் ஸ்க்ரூ கம்பெனி, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டி கம்பெனி. நடுவில் நாங்கள் மனிதர்களைச் செய்துகொண்டிருந்தோம். ஹோட்டல் வாசலில் கும்பிடு போடுகிற மீசைக்காரர், மாலில் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கிரிக்கெட்காரர், அபார்ட்மென்ட் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற பெண். எல்லாம் முதலில் களிமண், பிறகு பிளாஸ்டர் அச்சு, கடைசியில் ஃபைபர். ஓனர் கன்னடக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர் இருக்கலாம். மண்ணைத் தொட மாட்டார். ஆனால் எந்த ஊரில் யார் செத்தால் சிலை வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கல்லூரியில் நான் கற்றதில் பாதியை அந்த ஷெட்டில் மறக்க வேண்டியிருந்தது. கல்லூரியில் எங்களுக்கு ஒரு பருவம் முழுக்கக் காது, ஒரு பருவம் முழுக்கக் கை, அப்புறம் ஒரு மனிதரை மேடையில் உட்கார வைத்து அவரைப் பார்த்துப் பார்த்து மண்ணில் செய்வது என்று பொறுமையாகப் போகும். இங்கே மனிதர் உட்கார மாட்டார். அவர் செத்துப் போயிருப்பார், அல்லது மும்பையில் இருப்பார். கையில் கொடுப்பது ஒரு போட்டோ. அதுவும் ஆதார் கார்டில் இருந்து பெரிதாக்கிய போட்டோ. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற சிலைக்குத் தலை கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், நெற்றி முன்னால் வர வேண்டும் என்பதையெல்லாம் தலையைச் சின்னதாகச் செய்து, திட்டு வாங்கித்தான் தெரிந்துகொண்டேன். ஃபைபர் தூள் உடம்பெல்லாம் அரிக்க, ஈஜிபுராவில் நாலு பேரோடு பங்கு போட்ட அறைக்கு வந்து, பக்கெட் தண்ணீருக்காகக் காத்திருந்து குளித்துவிட்டுப் படுப்பேன். தெருவில் எல்லாரும் தமிழ்தான் பேசுவார்கள். ஆனாலும் நான் வாயைத் திறந்ததும், "நீங்க ஊர்லருந்து வந்தவரா?" என்று கேட்டுவிடுவார்கள். ஊர் என்றால் அவர்களுக்குத் தமிழ்நாடு. இவர்கள் மட்டும் எங்கிருந்து வந்தார்களாம் என்று தோன்றும்.

என் வேலையில் ஒரு கோளாறு இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். மனித உருவம் செய்கிற எல்லாருக்கும் வருகிற கோளாறுதான். கண்ணெதிரே ஆள் இல்லாதபோது, கை தனக்குப் பழகிய முகத்தைப் போட்டுவிடும். பெரும்பாலும் அது செய்கிறவனுடைய முகமாகவே இருக்கும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம் அதுதானே. கல்லூரியில் நான் செய்த மீனவன், விவசாயி, புத்த பிட்சு எல்லாருக்கும் என்னுடைய தடித்த புருவம். தோழர்கள், "உங்க அண்ணன் தம்பிங்க எல்லாம் வரிசையா நிக்கறாங்க பாரு" என்று ஓட்டுவார்கள். அதனால் பெங்களூரில் என் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கண்ணாடி வைத்திருப்பேன். அழகு பார்க்க இல்லை. செய்து முடித்ததும் மண் முகத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, என்னுடையது எங்கேயாவது புகுந்திருந்தால் சுரண்டி எடுப்பதற்கு. அப்படித்தான் முகங்களில் கெட்டிக்காரனானேன். சில வருஷங்களில் ஷெட்டில் எந்தச் சிலை வந்தாலும் உடம்பை யார் வேண்டுமானாலும் செய்வார்கள், தலை எனக்குத்தான் வரும்.

ஆனால் பெயர் வராது. பீடத்தில் பட்டறையின் பெயர்தான் இருக்கும். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் போனில் ஒரு சிலையின் படத்தைக் காட்டினேன். அவர் கிரீஸ் விரலால் படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கி, பீடம் வரைக்கும் போனார். "உன் பேரு எங்கடா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் நீ செஞ்சன்னு எப்படித் தெரியும்?" என்றார். சண்டையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி முள் மாதிரி உள்ளேயே தங்கிவிட்டது. ஒரே ஒரு சிலையிலாவது என் பெயர் இருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் அவன் வந்து சேர்ந்தான்.

பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த ஸ்ரீராம்புரத்துத் தமிழ்ப் பையன். பையன் என்ன பையன், என்னைவிட நாலைந்து வயதுதான் சின்னவன். அதற்கு முன் ஒரு பல் லேபில் மெழுகில் பல் செதுக்குகிற வேலையில் இருந்தானாம். அங்கே உட்கார்ந்தபடி டாக்டர்களின் தலையைச் சின்னதாக மெழுகில் செய்து வைப்பானாம். அதைப் பார்த்த ஒருவர் மாலைநேரச் சிற்ப வகுப்பில் சேர்த்துவிட, அங்கிருந்து நேராக எங்கள் ஷெட். முதல் நாளே ஓனரோடு கன்னடத்தில் சிரிப்பு, அச்சுப் போடுகிறவரோடு இந்தியில் சிரிப்பு, டீ கொண்டுவருகிறவரோடு உருதுவில் சிரிப்பு. என்னிடம் வந்து, "அண்ணா, நீங்க செஞ்ச மூஞ்சிங்கள எல்லாம் பாத்தேன். சக்கத்தா, சூப்பரா இருக்குணா" என்றான். நான் ம் என்றேன். நான் இந்த ஊர்க் கன்னடத்தைத் தட்டுத்தடுமாறிப் பேசுவதற்குள் மூன்று வருஷம் போயிருந்தது.

அவன் கை வேகம். அது ஒன்று போதாதா. நான் கண் இமையை ஒரு நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருப்பேன். அவன் பேசிக்கொண்டே, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கட்டை விரலால் இரண்டு இழுப்பு இழுப்பான், இமை வந்து உட்கார்ந்திருக்கும். அவனுடைய அம்மா மாநகராட்சியில் தெரு கூட்டுகிற வேலை. விடியலில் வேலைக்குப் போகுமுன் கட்டிக் கொடுத்த டப்பாவை எனக்கும் சேர்த்துக் கொண்டுவருவான். களியும் கருவாட்டுக் குழம்பும். நானும் சாப்பிடுவேன், ருசியாகத்தான் இருக்கும். அதற்கும் எரிச்சல் வரும். ராத்திரி வீட்டுக்குப் போய்த் தட்டில் சுடச்சுடச் சாப்பிடுகிறவன், மத்தியானமும் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறான். கூடவே கையும் நன்றாக இருக்கிறது. எல்லாம் ஒருத்தனுக்கே கொடுத்தால் மற்றவர்கள் எங்கே போவது?

எல்லாவற்றையும்விட அவன் சிரிப்பு என்னைப் படுத்தியது. வேலை செய்யும்போது உதட்டை மூடிக்கொண்டு, ஒரு பக்கக் கடைவாயை மட்டும் உள்ளே இழுத்து, யாரோ சொன்ன ஜோக்கை அடக்கி வைத்திருக்கிற மாதிரி நிற்பான். என்னைத்தான் நினைத்துச் சிரிக்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் கேட்டேவிட்டேன், "இன்னாடா இளிப்பு?" என்று. "சிரிக்கலியேணா. என் மூஞ்சியே அப்படித்தான்" என்றான். சொல்லும்போதும் அப்படியேதான் இருந்தது.

பிறகு சின்ன முகங்கள் அவனுக்குப் போகத் தொடங்கின. அப்புறம் நடுத்தர முகங்கள். ஒரு நாள் ஓனர், நான் செய்து வைத்திருந்த ஒரு தலையை அவனிடம் காட்டி, "ஸ்வல்ப மூக்கு பாரு குரு" என்றார். அவருக்கு எல்லாரும் குருதான், ஆனால் நான் செய்த மூக்கை இவன் கொஞ்சம் பார்ப்பதா. அன்று மத்தியானம் அந்தக் கருவாட்டுக் குழம்பை நான் தொடவில்லை. வெளியே போய் ஒரு பன்னைத் தின்றுவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கோச் சிலை வந்தது. பழைய கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பேட்டை. அங்கே சின்னப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதும் பந்தை உதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் கால்பந்து சொல்லிக் கொடுத்த கோச் இறந்துபோனார். மைதானத்து வாசலில் அவருக்கு முழு உருவச் சிலை வைக்க வேண்டும் என்று பேட்டைக்காரர்கள் சேர்ந்து வந்தார்கள். கோச்சின் மனைவியும் கூட வந்தார். கார்மென்ட்ஸில் தையல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, நிமிர்ந்த அம்மா. ஒரு பை நிறையப் போட்டோ கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றிலும் கோச் முறைத்துக்கொண்டிருந்தார். அணியோடு, கோப்பையோடு, கல்யாணத்தில் மாலையோடு, எங்கேயும் முறைப்புதான்.

"கேமரான்னா அவுருக்கு ஆவாது. அப்படித்தான் மொறைப்பாரு" என்றார் அந்த அம்மா. "ஆனா செலையில சிரிக்கணும் தம்பி. நூறு புள்ளைங்க தெனம் பாக்கப் போற மூஞ்சி. உர்ருனு நிக்க வெச்சுடாதீங்க."

ஓனர் எங்கள் இருவரையும் பார்த்தார். அவருக்கு என் எரிச்சல் தெரியாமல் இல்லை. ரொம்ப நாளாக நான் பெயர் பெயர் என்று புலம்புவதும் தெரியும். "ஒண்ணு செய்யலாம்" என்றார். "ஆளுக்கு ஒரு தலை செய்யுங்க. அவங்க வந்து பாக்கட்டும். யார் தலையை ஓகே பண்றாங்களோ, அவங்க பேரு கழுத்துக்குப் பின்னாடி. ஆய்த்தா, சரியா?"

நான் அவசரமாகத் தலையை ஆட்டினேன். அவன், "ஆய்த்து சார்" என்று சொல்லிவிட்டு மண் பிசையப் போய்விட்டான்.

ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் செய்துவிடக் கூடாது என்று ஓனர் ஒரு ஏற்பாடு செய்தார். இரண்டு ஸ்டாண்டுகளையும் ஷெட்டின் நடுவில் போட்டு, இரண்டு தலைகளும் முதுகுக்கு முதுகு காட்டுகிற மாதிரி வைத்தார். என் பக்கம் என் மண் முகம், அவன் பக்கம் அவன் மண் முகம். அவன் செய்கிற முகம் எனக்குத் தெரியாது, நான் செய்வது அவனுக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் ஈரத் துணி போட்டு மூடிவிட வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு விஷயத்தை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இப்படி நின்றால் நிமிரும்போதெல்லாம் எனக்குத் தெரிவது அவனுடைய முகம்தான்.

நிமிர்ந்துகொண்டேதான் இருந்தேன். அவனுக்கு வேலை நன்றாக வருகிறதா, வரவில்லையா? முகத்தில் தெரிகிறதா என்று கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்தேன். நெற்றி, கன்னம், தாடை எல்லாம் போட்டோவில் இருந்ததால் காலிப்பரால் அளந்து அளந்து கட்டிவிட்டேன். வாய்க்கு வந்தபோது நின்றுவிட்டது. சிரிக்கிற போட்டோ இல்லையே. கண்ணாடியில் நானே சிரித்துப் பார்த்தேன். பல்வலிக்காரன் மாதிரி இருந்தது.

அவனோ முதல் நாளே கோச்சின் மனைவிக்குப் போன் செய்துவிட்டான். என் காதுபடத்தான் பேசினான். "அம்மா, அவருக்கு முன்பல்லு எல்லாம் இருந்துச்சா? கட்டின பல்லா? வெத்தல போடுவாரா?" பல் லேப் புத்தி. அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "சின்ன வயசுல பூட்ஸ் பட்டு ஒடஞ்சதா? எந்தப் பக்கம்? பாதி இருந்துச்சா, முழுசாவே போச்சா?" என்று கேட்டு மண் கையாலேயே தன் பல்லைத் தொட்டுத் தொட்டுக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானும் போன் செய்திருக்கலாம். அவன் கேட்ட பிறகு நான் போய்க் கேட்பதா?

என் கையே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். வாயில் மண் வைப்பேன், நிமிர்வேன், அவனைப் பார்ப்பேன், எரியும், குனிந்து மறுபடி வைப்பேன். இப்படி ஒரு வாரம் போனது. வாய் ஒருவழியாக வந்தது. வழக்கம்போலக் கண்ணாடியை எடுத்து என் முகம் எங்கேயாவது புகுந்திருக்கிறதா என்று பார்த்தேன். புருவத்தில் இல்லை. வாயில் துளிகூட இல்லை. அப்பாடா என்று துணியைப் போட்டு மூடினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்டைக்காரர்கள் டெம்போ டிராவலர் பிடித்து வந்தார்கள். ஷெட் நிறைந்துவிட்டது. முதலில் அவன் துணியை எடுத்தான்.

சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன். பிரமாதமாக இருந்தது. கோச் வாயைத் திறந்து, உடைந்த முன்பல் தெரிய, கன்னம் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதிப் பல்லின் உடைந்த விளிம்புகூட மண்ணில் இருந்தது. மேல் ஈறும் நாக்கு நுனியும் இருந்தன. பேட்டைப் பையன்கள், "டேய், கோச்சுடா" என்று கத்தினார்கள். ஒருத்தன் விசில் அடித்தான். "கோச் நம்மளப் பாத்து சிரிக்கறாருடா, கோல் போட்ட மாதிரி" என்றான் அவர்களுடைய கோல்கீப்பர். அவ்வளவுதான், பெயர் போயிற்று என்று முடிவுகட்டிவிட்டேன். இனி என் தலையை எதற்குத் திறப்பது, அப்படியே தொட்டியில் போட்டுப் பிசைந்துவிடலாம் என்று இருந்தது.

அந்த அம்மா மட்டும் பையன்களை விலக்கிக்கொண்டு கிட்டே போனார். அவன் செய்த தலையைச் சுற்றி ஒரு தடவை வந்தார். முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"பல்லு சரிதான் தம்பி" என்றார். "ஒடஞ்ச எடம்கூட அப்படியே இருக்குது. ஆனா இந்தப் பல்ல நான் எத்தன தரம் பாத்துருப்பேன்னு நெனைக்கற? பல்லு வௌக்கும்போது பாத்தா உண்டு. அவுருக்கு அந்தப் பல்லால ஒரே வெக்கம். வாயத் தொறந்து சிரிக்கவே மாட்டாரு."

அவன் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. எந்தப் பல், எவ்வளவு உடைந்தது என்று எல்லாம் கேட்டவன், அது வெளியே தெரியுமா என்று கேட்கவில்லை. பல் லேபில் வேலை பார்த்தவனுக்குப் பல் என்றால் தெரிய வேண்டியதுதானே. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி குதித்தது. மறைக்கவில்லை, குதித்தது.

ஓனர் என்னைப் பார்த்தார். நான் துணியை எடுத்தேன்.

அந்த அம்மா ஒரு அடி பின்னால் போய் நின்றார். பிறகு கிட்டே வந்தார். கையை நீட்டி, உதட்டின் ஓரத்தை, உள்ளே இழுத்திருந்த அந்த ஒரு பக்கக் கடைவாயை விரலால் தொட்டார். ஈர மண் விரலில் ஒட்டிக்கொண்டது.

"இதான்" என்றார். "வாய மூடிக்கினு ஒரு பக்கமா சிரிப்பாரு. ஜெயிச்சா அப்படித்தான். நான் சொல்லவே இல்லியே தம்பி, உனக்கு எப்படித் தெரியும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் மண் பட்டது.

நான் பெருமையாக நிமிர்ந்தேன். ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அந்த அம்மாவுக்குப் பின்னால், தோற்றுப்போன தன் தலையின் பக்கத்தில் அவன் நின்றிருந்தான். உதட்டை மூடி, ஒரு பக்கக் கடைவாயை உள்ளே இழுத்து. மண்ணில் ஒன்று, சதையில் ஒன்று, இரண்டும் ஒரே வாய்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் முகம் புகுந்துவிடக் கூடாது என்று வருஷக்கணக்காகக் கண்ணாடி வைத்துக் காவல் காத்தவன் நான். வேறு ஒருத்தன் முகம் புகும் என்று யார் கண்டது? அவனை அவ்வளவு பார்த்திருக்கிறேன். காதலித்த பெண்ணைக்கூட நான் அப்படி ஒரு வாரம் பார்த்ததில்லை. ஷெட்டில் யாருக்காவது தெரிந்துவிட்டதா என்று சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் கோச்சைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் அச்சுப் போடும் முன் ஓனர் சொன்னபடி வந்து நின்றார். "போடு குரு, உன் பேரு." கம்பியை எடுத்து, கழுத்துக்குப் பின்னால், காலருக்கு மேலே என் பெயரை எழுதினேன். தயங்கவில்லை. ஏன் தயங்க வேண்டும்? நெற்றி என்னுடையது, கண் என்னுடையது, தாடை, காது, கழுத்து எல்லாம் என்னுடையவை. ஒரு வாய்க்காக விட்டுக்கொடுக்க நான் என்ன தியாகியா? ஆனால் ஆசைப்பட்டபடி அது இனிக்கவில்லை. அதற்கும் அவன்மேல்தான் கோபம் வந்தது. தோற்றும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டானே.

சிலை திறந்த அன்று பேட்டையே திரண்டிருந்தது. மேளம், பட்டாசு, மைதானம் முழுக்க ஷாமியானா. செய்யாற்றிலிருந்து அப்பாவை வரவழைத்திருந்தேன். அவரைச் சிலைக்குப் பின்னால் அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ம், இருக்குது" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. அந்த நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது.

அப்போது அவன் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தான். டியூட்டி முடித்து, புடவை மாற்றிக்கொண்டு நேராக வந்திருந்தார். நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை, அவர் சமையலைச் சாப்பிட்டதுதான் எத்தனையோ நாள். சிலையை அண்ணாந்து பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"டேய்" என்றார் மகனிடம். "இது உன் வாயி இல்ல? சின்னதுல மாங்கா திருடிட்டு வந்து நிப்பியே, அதே மாதிரி இருக்குது."

"சும்மா இரும்மா" என்றான் அவன், என்னைப் பார்க்காமல். "அண்ணன் செஞ்சது. கோச் அப்படித்தான் சிரிப்பாராம். வா, சாப்புடலாம்."

பந்தியில் அவன் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அப்பாவும் அவன் அம்மாவும் எதிர்வரிசையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். பிரியாணி வைத்துவிட்டுப் போனார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்ணா."

"எப்பலேருந்து?"

"நீங்க வாய் ஆரம்பிச்ச அன்னிலேருந்து. நிமிந்து என் வாயைப் பாப்பீங்க, ஒடனே கை மண்ணுக்குப் போவும். திருப்பியும் பாப்பீங்க. மாடல் வெச்சு செய்யறவங்க அப்படித்தானேணா பாப்பாங்க."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. நல்லா வந்துக்கினு இருந்துது, உங்க மூஞ்சிலயே தெரிஞ்சுது. அதான் நீங்க முடிக்கற வரைக்கும் வாயை அப்படியே வெச்சுக்கினு நின்னேன்." தாடையைத் தேய்த்துக்கொண்டான். "வலி பின்னிடுச்சுணா."

எனக்குச் சோறு கையிலேயே நின்றது. எல்லாரும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும்போல இருந்தது. "ஏன்டா? உனக்கும்தானே பேர் வர வேண்டியது?"

அவன் எலும்பைக் கடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தான். என்னைக் குத்த வேண்டும் என்றோ, நல்லவன் ஆக வேண்டும் என்றோ அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் தேடினான், அவ்வளவுதான்.

"வந்துருந்தா நல்லாத்தான் இருந்துருக்கும்ணா" என்றான். "ஆனா உங்களுக்கு வேணும்ன்ற அளவுக்கு எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டுத் தயிர்ப் பச்சடி கேட்டு வாங்கிக்கொண்டான். அத்தனை நாளும் அவன் கைக்காக எரிந்தேன், கன்னடத்துக்காக எரிந்தேன், கருவாட்டுக் குழம்புக்காக எரிந்தேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒரு பொருளை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவ்வளவு லேசாக வேண்டாம் என்று ஒருத்தனால் சொல்ல முடிகிறதே, அதற்காக அன்றைக்கு எரிந்த மாதிரி நான் எவன்மேலும் எரிந்ததில்லை. "இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா அண்ணா?" என்று பரிமாறுகிறவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.